கண்ணில் படவே உடுத்தினார்கள்

1862 ஆகஸ்ட் 30, பிற்பகல். அமெரிக்க உள்நாட்டுப் போர். வர்ஜீனியாவில் புல் ரன் ஓடையை ஒட்டிய ஒரு மேட்டில் வடதரப்பின் நியூயார்க் 5-ஆம் காலாட்படைப் பிரிவு நின்றிருந்தது. ஏறத்தாழ 500 பேர். தொளதொளவென்ற சிவப்புக் கால்சட்டை, அதற்குக் கீழே வெள்ளைக் காலுறை, சிவப்புக் கரை வைத்த நீலக் குட்டைச் சட்டை, இடுப்பில் அகலக் கச்சை, தலையில் மஞ்சள் குஞ்சம் தொங்கும் சிவப்புக் குல்லா. காட்டுக்குள்ளிருந்து தென்தரப்பின் டெக்சஸ் படை பாய்ந்து வந்தது. சண்டை சுமார் 10 நிமிடம்தான். 300 பேர் அளவுக்கு விழுந்தார்கள். அவர்களில் 120 பேர் வரை அங்கேயோ, பிறகு அந்தக் காயத்தாலோ இறந்துபோனார்கள். வடதரப்பின் காலாட்படைப் பிரிவு எதுவும் ஒரே சண்டையில் இத்தனை பேரைச் சாகக் கொடுத்ததில்லை. அந்தச் சரிவைப் பார்த்த டெக்சஸ்காரர் ஒருவருக்கு, வசந்த காலத்தில் காட்டுப்பூ பூத்துக் கிடக்கும் தன் ஊர்க் குன்றுதான் நினைவுக்கு வந்தது.

சாகப்போகும் இடத்துக்கு இப்படியா உடுத்திக்கொண்டு போவார்கள்? வரலாற்றில் பகட்டாக உடுத்திய படைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். மடமை, வீண் ஜம்பம் என்று சொல்லிக் கடந்துவிடுவது சுலபம். ஆனால் அந்தத் துணிகள் என்ன வேலை செய்தன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், வாளையும் கேடயத்தையும் போல அவையும் போர்க் கருவிகளாகவே இருந்தது தெரியும். பல நூற்றாண்டுகளுக்கு, களத்தில் நிற்பவன் கண்ணில் படுவதே அவன் வேலையில் பாதி.

முதலில் அந்தச் சிவப்புக் கால்சட்டை நியூயார்க் வரை எப்படி வந்தது என்று பார்ப்போம். 1830-இல் அல்ஜீரியாவுக்குள் நுழைந்த பிரெஞ்சுப் படை, அங்கே சுவாவா என்ற கபைல் இனக்குழுவிலிருந்து வீரர்களைச் சேர்த்தது. அவர்கள் பெயர் பிரெஞ்சு வாயில் 'சுவாவ்' ஆனது. கொஞ்ச காலத்தில் அந்தப் பிரிவுகளில் பிரெஞ்சுக்காரர்களே நிரம்பினார்கள். உடை மட்டும் அப்படியே தங்கிவிட்டது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் அவர்கள் காட்டிய தீரம் பத்திரிகைகள் வழியாக உலகமெங்கும் பரவியது. அந்தக் குல்லாவைப் போட்டாலே அந்தத் தீரமும் கூட வரும் என்று அமெரிக்க இளைஞர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கணக்கெழுதிக்கொண்டும் கடையில் சாமான் எடுத்துக்கொடுத்துக்கொண்டும் இருந்த இருபது வயதுப் பையன்களை ஓடாமல் வரிசையில் நிற்கவைப்பதற்கு அது உண்மையாகவே உதவியது.

சரி, சுடும் துப்பாக்கிக்கு முன்னால் சிவப்பு எதற்கு? இதற்குப் புகையில் பதில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை எல்லாப் படைகளும் சுட்டது கரிமருந்தால். ஒரு வரிசை சேர்ந்து சுட்டால் வெள்ளைப் புகை சுவர் போல எழும். நான்கைந்து முறை சுட்டபின் பத்தடி தூரத்தில் நிற்பவன் முகம் தெரியாது. பழைய மஸ்கட் துப்பாக்கியால் நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைத்து அடிப்பதும் கடினம். அதனால் ஒளிந்து நிற்பதில் பெரிய லாபம் இல்லை. தன் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தளபதிக்குத் தெரியாமல் போவதும், நம்மவன் நம்மையே சுடுவதும்தான் பெரிய ஆபத்து. இதே புல் ரன்னில் அதற்கு முந்தைய ஆண்டு, 1861 ஜூலை 21 அன்று நடந்த முதல் சண்டையில் அதுதான் நடந்தது. தென்தரப்பின் 33-ஆம் வர்ஜீனியாப் பிரிவு நீல உடையில் வந்தது. நம்மவர்கள்தான் என்று நினைத்து வடதரப்புப் பீரங்கிக்காரர்கள் சுடாமல் நின்றார்கள், பீரங்கிகள் பறிபோயின. சாம்பல் நிற உடை போட்டிருந்த வடதரப்பின் விஸ்கான்சின் பிரிவையோ அதன் சொந்தத் தரப்பே சுட்டது.

போர்க்களத்தின் இந்தப் பழைய சிக்கலைத் தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. பகை வேந்தர்களுக்கு நடுவே இன்னார் படை இன்னது என்று தெரிய வேண்டும், அதற்காகச் சேரன் ஆட்கள் பனம்பூவும், பாண்டியன் ஆட்கள் வேம்பும், சோழன் ஆட்கள் ஆத்தியும் சூடினார்கள் என்கிறது புறத்திணை இயல். அழகுக்காக என்று சொல்லவில்லை, அடையாளத்துக்காக என்று காரணத்தோடு சொல்கிறது. இந்த ஏற்பாடு எங்கே உடைந்துபோகும் என்பதும் புறநானூற்றின் 45-ஆம் பாட்டில் இருக்கிறது. உறையூருக்குள் நெடுங்கிள்ளி அடைந்து கிடக்க, வெளியே நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான். கோவூர்கிழார் போய், எதிரே நிற்பவன் பனந்தோடு சூடியவனும் இல்லை, வேம்பு சூடியவனும் இல்லை, உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்கிறார். இரண்டு பேரும் சோழர்கள். பூவைப் பார்த்துப் பகைவனைப் பிரிக்க முடியாத போர் அது. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று அவர் சொல்வதற்குப் பிடிமானமாக இருப்பது அந்தத் தலைப்பூ.

நிறத்தைத் தேர்ந்தெடுத்ததில் காசுக் கணக்கும் உண்டு. 1645-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் புதிதாகத் திரட்டிய படைக்குச் சிவப்புச் சட்டை கொடுத்தது. ரத்தம் தெரியாமலிருக்கச் சிவப்பு என்று அடிக்கடி ஒரு கதை சொல்வார்கள். அது சரியில்லை, சிவப்புத் துணியில் காய்ந்த ரத்தம் கறுப்புக் கறையாக நன்றாகவே தெரியும். மஞ்சிட்டி இனச் செடியின் வேரில் எடுக்கும் சிவப்புச் சாயம் மலிவாகவும் வேண்டிய அளவும் கிடைத்தது, அவ்வளவுதான்.

பகட்டின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் அதற்கும் முன்னே போக வேண்டும். 1480-களில் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் திரட்டிய 'லாண்ட்ஸ்க்னெக்ட்' என்ற ஜெர்மானியக் கூலிப்படைக்கு. அந்த உடையைக் கிட்டத்தில் பார்ப்போம். சட்டைக் கையின் மேல்துணியைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை வரிவரியாகக் கீறியிருப்பார்கள். உள்ளே வேறொரு நிறத்தில் பட்டு. அந்தப் பட்டை ஒவ்வொரு கீறல் வழியாகவும் வெளியே பிதுக்கி, உப்பவைத்து விடுவார்கள். ஒரு கால் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்டது, மறுகால் வெறும் சிவப்பு. தட்டு மாதிரி அகலத் தொப்பி, அதில் தீக்கோழி இறகு. தொடையிடுக்கில் துணி அடைத்துத் துருத்திய பை. 1476-இலும் 1477-இலும் பர்கண்டிக் கோமகனைத் தோற்கடித்த சுவிஸ் வீரர்கள், அவன் பாசறையில் கொள்ளையடித்த விலையுயர்ந்த துணிகளைக் கிழித்துத் தங்கள் கிழிசல்களை ஒட்டுப்போட்டார்கள், அதிலிருந்துதான் இந்த மோஸ்தர் பிறந்தது என்று ஒரு பழங்கதை உண்டு.

அந்தக் காலத்தில் யார் என்ன துணி உடுத்தலாம் என்பதற்குச் சட்டம் இருந்தது. பட்டு பிரபுக்களுக்கு; குடியானவன் மகனுக்கு முரட்டுக் கம்பளி. மாக்சிமிலியன் இந்தப் படையினருக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். அவர்கள் வாழ்க்கை குறுகியது, கஷ்டம் நிறைந்தது, இந்தச் சின்னச் சந்தோஷமாவது இருக்கட்டும் என்று அவர் சொன்னதாக வழங்கிவருகிறது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது, கூடவே மனதைக் கனக்கவைக்கும் செய்தியும்கூட. சாதாரண ஈட்டிக்காரனுக்கு மாதம் 4 கில்டர். ஆயுதமும் உடையும் அவன் பொறுப்பு. சம்பளம் நேரத்துக்கு வருவதே அபூர்வம். சேமித்து வைக்க வீடு கிடையாது. அடுத்த சண்டையில் செத்தால் அத்தனையும் போச்சு. ஆகவே கைக்கு வந்ததையெல்லாம் உடம்பில் போட்டுக்கொண்டான். ஊருக்குள் நுழைந்தால், பிறந்த நாள் முதல் தன்னைத் தாழ்வாகப் பார்த்தவர்கள் முன்னால் பிரபுவுக்கும் மேலாக நடந்தான். பிற்காலத்தில் அந்தக் கால்சட்டைகள் பல கஜத் துணியை விழுங்கும் அளவுக்குப் பெருத்தன. 1555-இல் ஆண்ட்ரியாஸ் முஸ்குலுஸ் என்ற மதபோதகர், கால்சட்டைக்குள் சாத்தான் புகுந்துவிட்டான் என்று தனியாக ஒரு பிரசங்கமே எழுதி அச்சிட்டார்.

இவர்களின் பகட்டு அவரவர் விருப்பம். மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் மக்களின் படையில் உடை உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது. எதிரியைக் கொல்வதைவிட உயிரோடு பிடித்து வருவதே அங்கே பெருமை. எத்தனை கைதி என்ற கணக்குப்படி உடை மாறும். இரண்டு பேரைப் பிடித்தவனுக்குக் கூம்புத் தொப்பியோடு ஒரு முழு உடை. நான்கு பேரைப் பிடித்தவனுக்கு ஜாகுவார் வேடம். பிளந்த வாய்க்குள்ளிருந்து அவன் முகம் எட்டிப் பார்க்கும். அதனடியில் பஞ்சு வைத்துத் தைத்த கனத்த உட்சட்டை. அதுதான் நிஜமான கவசம். ஸ்பானியர்களே தங்கள் இரும்பைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு நல்ல கவசம். மேலே இருக்கும் இறகு வேலை, போட்டிருப்பவனின் வரலாறு. தூரத்தில் நிற்கும் எதிரி அந்த உடையைப் பார்த்தே இவன் எத்தனை பேரைப் பிடித்தவன் என்று படித்துவிடுவான்.

1521 ஆகஸ்டில் அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லான் ஸ்பானியர்களிடம் வீழப்போகும் நேரம். கடைசி அரசன் குவாவ்தெமோக், தன் தந்தை அஹுயிட்சோட்ல் அணிந்த கெட்சால் பறவை இறகால் செய்த ஆந்தை உடையை ஒரு வீரனுக்கு அணிவித்துக் களத்துக்கு அனுப்பினான். இறகுகள் விரிந்து ஆட அவன் வந்தபோது எதிரிகள் பின்வாங்கினார்கள் என்றும், அவன் சிலரைப் பிடித்துவிட்டுக் கூரையிலிருந்து குதித்து மறைந்தான் என்றும் அந்த நகரத்து மக்கள் பிற்பாடு நினைவுகூர்ந்தது ஏட்டில் பதிவாகியிருக்கிறது. அம்பும் ஆளும் சோறும் தீர்ந்த பிறகு அவர்களிடம் மிச்சமிருந்த ஆயுதம் அந்த உடைதான். நகரம் தப்பவில்லை.

ஜப்பானின் உள்நாட்டுப் போர்க் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், இந்தப் படிக்கவைக்கும் வேலையைத் தலைக்கவசம் செய்தது. முயல் காது, நத்தைக் கூடு, மீன் வால், பிறைநிலா, உயரமான கூம்பு என்று விதவிதமாகச் செய்தார்கள். ஹோண்டா தடகட்சு என்ற தளபதியின் கவசத்தில் இரண்டு பெரிய மான் கொம்புகள் கிளை விரித்து நிற்கும். பார்த்தால் கழுத்தே ஒடிந்துவிடும் போலிருக்கும். உண்மையில் அவை காகிதம். காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, மேலே கறுப்பு அரக்கு பூசியவை. தலையைக் காப்பது உள்ளே இருக்கும் சாதாரண இரும்புக் கிண்ணம். மேலே உள்ளது எடையே இல்லாத விளம்பரம். விளம்பரம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. யார் முதலில் பாய்ந்தான், யார் யாருடைய தலையைக் கொய்தான் என்பதைச் சாட்சியோடு நிறுவினால்தான் நிலமும் பதவியும் கிடைக்கும். கூட்டத்தில் தனியாகத் தெரியாதவனுக்குச் சாட்சி ஏது? அதற்காகவே முதுகில் கொடி கட்டினார்கள். ஓடா நோபுநாகா என்ற போர்த்தலைவரின் மெய்க்காவலர்கள், காற்றில் பலூன் மாதிரி உப்பும் சிவப்பு, கறுப்பு அங்கிகளை முதுகில் மாட்டிக்கொண்டு குதிரை ஓட்டினார்கள். இயி நவோமசா என்ற தளபதி ஒரு படையையே தலை முதல் கால் வரை சிவப்பாக்கினார். கூட்டமாக அது வருவதைத் தூரத்தில் பார்த்தாலே எதிரிக்குத் தெரியும், வருவது யார் என்று.

எதிரியை மிரட்டுவது பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. சிறுத்தைத் தோல் போர்த்திய போலந்து ஹுஸ்ஸார் குதிரைப்படையின் இறகுச் சிறகுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றைப் போரில் வழக்கமாக அணிந்தார்களா, அணிவகுப்பில் மட்டுமா என்று வரலாற்றாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கரடித்தோல் தொப்பி வைத்தவன் அரையடி கூடுதல் உயரமாகத் தெரிவான். இவ்வளவு போதும்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, உடை தன்னைப் போட்டிருப்பவனையே கட்டிப்போடும் விதம். வட அமெரிக்கச் சமவெளியின் செயென் மக்களிடையே 'நாய் வீரர்கள்' என்றொரு போர்ச் சங்கம் இருந்தது. அதில் மிகச் சிறந்த நால்வருக்கு மட்டும் ஒரு தோல் கச்சை உண்டு. இறகும் முள்ளம்பன்றி முள் வேலைப்பாடும் கொண்ட நீண்ட பட்டை. ஒரு தோளில் மாட்டினால் பின்னால் தரையில் இழுபடும். அதன் நுனியில் ஒரு முளைக்குச்சி. தன் ஆட்கள் பின்வாங்கும்போது அந்த வீரன் இறங்கி, முளையைத் தரையில் அறைந்து, கச்சையோடு அங்கேயே நிற்பான். பெண்களும் குழந்தைகளும் தப்பிப்போகும் வரை அந்த இடத்தை விடமாட்டான். தானாக முளையைப் பிடுங்கவும் கூடாது. தோழன் ஒருவன் வந்து பிடுங்கி விரட்டிவிட்டால்தான் உண்டு. அழகான பொருள்தான். ஆனால் அதை ஏற்றுக்கொண்ட அன்றே அவன் எப்படிச் சாவான் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும்.

அப்புறம் இந்த உலகத்தை ஒரு வேதியியல் கண்டுபிடிப்பு கலைத்துப் போட்டது. 1884-இல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். 1886-இல் அதைப் பயன்படுத்தும் லெபல் துப்பாக்கி வந்தது. களத்தில் புகைச்சுவர் மறைந்தது. குண்டு நேராக, பல நூறு கஜம் போனது. சுட்டவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாத நிலை. நிறம் செய்துவந்த வேலை ஒரே தலைமுறையில் தலைகீழாகிவிட்டது. பிரிட்டிஷ்காரர்களுக்கு மாற்று ஏற்கெனவே கையில் இருந்தது. 1840-களின் இறுதியில் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் தன் வழிகாட்டிப் படைக்குப் புழுதி நிறத் துணி கொடுத்திருந்தார். காக் என்றால் புழுதி, அதுதான் காக்கி. பிரிட்டிஷ்காரர்கள் கடைசியாகச் சிவப்புடையில் போரிட்டது 1885 டிசம்பர் 30 அன்று, சூடானின் கின்னிஸில்.

பிரான்ஸ்தான் விடவில்லை. 1911 வாக்கில் போர் அமைச்சராக இருந்த மெஸ்ஸிமி சிவப்புக் கால்சட்டையை மாற்றப் பார்த்தார்; கடும் எதிர்ப்பு. சிவப்புக் கால்சட்டைதான் பிரான்ஸ் என்று முன்னாள் போர் அமைச்சர் எத்தியேன் முழங்கினார். 1914 ஜூலையில் ஒருவழியாக மாற்றத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள்; அடுத்த மாதம் பிரான்ஸ் முதல் உலகப் போரில் இறங்கியது. ஆகஸ்ட் 22 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 27,000 பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். கால்சட்டை நிறம் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்வது தவறு. இயந்திரத் துப்பாக்கிக்கு எதிராகத் திறந்த வயலில் வரிசையாக ஓடவிட்ட உத்திக்குத்தான் பெரும்பங்கு. ஆனாலும் அறுவடைக்காலத்து வயலில் அந்தச் சிவப்பு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அந்தச் சிவப்புக்கான செயற்கைச் சாயமும் அதற்குள் ஜெர்மனியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. போர் தொடங்கியதும் சாயம் நின்றது. நீலம், வெள்ளை, சிவப்பு மூன்றையும் கலந்து நெய்யத் திட்டமிட்ட புதுத் துணியில் சிவப்பு இழை விட்டுப்போய், வெளிர்நீலம் மிஞ்சியது. 1915 முதல் போர் முடியும்வரை பிரெஞ்சு வீரன் அணிந்த அடிவான நீலம் அப்படி வந்ததுதான்.

நிறம் போனாலும் ஆசை போகவில்லை. இத்தாலியின் பெர்சாலியேரிப் படையினர் இரும்புத் தலைக்கவசத்திலும் கறுப்பு இறகுக் கொத்தைச் செருகிக்கொண்டு இரண்டு உலகப் போர்களுக்கும் போனார்கள். ஸ்காட்லாந்து வீரர்கள் பதுங்குகுழிச் சேற்றிலும் கில்ட் பாவாடையை விடவில்லை. காக்கித் துணியை மேலே கட்டி மறைத்துக்கொண்டார்கள். மடிப்புகளில் பேன் குடியேறியது. நனைந்து உறைந்த ஓரம் முழங்காலை அறுத்தது. 1944 ஜூன் 6 அன்று, நேச நாட்டுப் படைகள் இறங்கிய பிரான்சின் நார்மண்டிக் கரையில், 21 வயது பில் மில்லின், முதல் உலகப் போரில் தன் தந்தை கட்டிய அதே கில்ட்டைக் கட்டிக்கொண்டு, குண்டுமழையில் பைக்குழல் வாசித்தபடி மேலும் கீழுமாக நடந்தார். கையில் துப்பாக்கி இல்லை. உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துத்தான் சுடவில்லை என்று பிடிபட்ட ஜெர்மானியர்கள் பிறகு அவரிடம் சொன்னார்களாம்.

இதையெல்லாம் வீரம், மரபு என்று ரசிப்பவர்கள், 1989 முதல் 2003 வரை நடந்த லைபீரிய உள்நாட்டுப் போர்களின் படங்களைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். பெண்களின் சவுரி, மணமகள் கவுன், குளியல் தொப்பி, விளையாட்டு முகமூடி போட்டுக்கொண்டு துப்பாக்கியோடு நிற்கும் இளைஞர்கள், சிறுவர்கள். ஆப்பிரிக்கக் கிறுக்குத்தனம் என்று அன்று எழுதிய வெளிநாட்டுச் செய்திகள் எனக்குக் கோபத்தைத் தருகின்றன. மேற்கு ஆப்பிரிக்கச் சடங்குகளில் முகமூடி போட்டவன் அவனாக இருப்பதில்லை. அவனுக்குள் வேறொரு சக்தி இறங்குகிறது. ஆணும் பெண்ணும் கலந்த வேடம் வேட்டை, போர் போன்ற ஆபத்தான எல்லைகளைக் கடக்கும் நேரத்துக்குரியது. இரண்டு ஆளாகத் தெரிபவனைக் குண்டு தேடிக் குழம்பும் என்று நம்பினார்கள். பக்கத்து நாடான சியரா லியோனின் கமஜோர் போராளிகள் தாயத்துகள் தைத்த வேட்டைச் சட்டையை அதே நம்பிக்கையில் அணிந்தார்கள். ஒட்டோமான் சுல்தான்கள் மறைவசனங்கள் எழுதிய சட்டையைப் போர்க்காலத்தில் அணிந்ததும், 1890-இல் வட அமெரிக்காவின் லகோட்டா மக்கள் குண்டு துளைக்காது என்று நம்பிய ஆவிநடனச் சட்டையைத் தைத்ததும் இதே நம்பிக்கைதான். கொள்ளையடித்த துணியை மாட்டிக்கொண்டது, லாண்ட்ஸ்க்னெக்ட் செய்ததே. இப்படிச் சொல்வதால் அந்த வேடங்களுக்குள் இருந்தவர்கள் செய்த கொடுமை குறைந்துவிடாது. முகமூடி போட்டவனுக்கு அயலானைக் கொல்வது சுலபமாகிறது, ஏனென்றால் கொல்வது அவன் இல்லை. அந்தச் சவுரிகளுக்குக் கீழே பத்து வயது முகங்களும் இருந்தன. அவர்களிடம் யாரும் சீருடையோ சம்பளமோ கொடுத்திருக்கவில்லை. பயத்தை மறைக்கக் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டார்கள்.

2022-இல் தொடங்கிய உக்ரைன் போரில் இரண்டு தரப்பும் தழைநிறப் புள்ளி போட்ட, தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும் உடையில் நின்றன. பலரிடம் ஒரே வகைத் துப்பாக்கி, பேச்சிலும் பலருக்கு ஒரே மொழி. கடையில் கிடைக்கும் ஒட்டுநாடாவைக் கையிலும் காலிலும் தலைக்கவசத்திலும் சுற்றிக்கொண்டார்கள். உக்ரைனியர்கள் மஞ்சள், நீலம், பச்சை. ரஷ்யர்கள் வெள்ளை, சிவப்பு. உடம்பு முழுக்க மறைந்திருக்க, முழங்கைக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்குப் பளிச்சென்ற ஒரு நிறம்.